மாப்பிள்ளைக்கு 27 புள்ளி

கேள்வி: ஆசிரியர் ஐயா, என் மகனுக்கு வயது 28. நண்பர்களோடு பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பகடை உருட்டி ஏதோ மந்திரவாதி விளையாட்டு ஆடுகிறான். ஆடுகிற நேரத்தைவிட, ஆட்டத்தில் வரப்போகும் ஆட்களுக்கு பயோடேட்டா எழுதுகிற நேரம்தான் அதிகம். ஒரு நோட்டே நிரம்பிவிட்டது. பாதிப் பேர் ஆட்டத்துக்கே வரவில்லையாம்! அதில் அப்படி என்ன இன்பம்?
– வாசகி, செந்தூல்

பதில்: பயோடேட்டா என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், அம்மா. இனி என்னை நிறுத்த முடியாது.

இந்தப் பத்திரிகைக்கு வரும் மணமகன் விவரங்களை வருடக்கணக்காகப் படிக்கிறேன். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், பெற்றோர் சொல் தட்டாதவர், சொந்த வீடு, கடனில்லாத கார். உயரத்தை 5 அடி 6 அங்குலம் என்று எழுதி, அந்த 6-ஐ அப்படியே வளைத்து 8 ஆக்கியிருப்பார்கள். காலையில் எழுப்பினால் எரிந்து விழுவான், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஒரே ஒரு வீட்டிலிருந்தாவது வந்ததா? ம்ஹூம். விளம்பரப் பிரிவுக்காரர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் மகன் எழுதும் பயோடேட்டாவில் இந்தப் பாச்சா பலிக்காது. எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பிக்கும் இதே பித்து. தே தாரிக் ஆறிப்போகும் வரை ஒருநாள் எனக்கு விளக்கினான். வலு, லாவகம், உடல் உறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு கட்டம். ஆறும் 8-ல் தொடங்கும். செலவழிக்க 27 புள்ளி. 13 வரை ஒவ்வொரு படி ஏறவும் ஒரு புள்ளி. 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. ஒரு 15-க்கு 9 புள்ளி போய்விடும். மூன்று 15 வாங்கினால் கை காலி, மற்ற மூன்றும் 8-லேயே கிடக்கும். சராசரி மனிதனுக்கே 10 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பியின் தாளில் வசீகரம் என்ற கட்டத்தை அழித்து அழித்து ஓட்டையே விழுந்திருந்தது. 12 வைக்கலாமா, 8-ல் விட்டுப் புத்தியை ஏற்றலாமா என்று ராத்திரியெல்லாம் போராட்டம். கடைசியில் 8. ஏன் 8? மௌன விரதம் பூண்ட குருவிடம் வித்தை கற்றவனாம், நாலு பேரிடம் பேசத் தெரியாதாம். எங்கே கஞ்சத்தனம் செய்தானோ அங்கேதான் கதை முளைத்திருக்கிறது. நீங்கள் கேட்ட இன்பம் அதுதான்.

1974-ல் இந்த ஆட்டம் அமெரிக்காவில் வெளிவந்தபோது இத்தனை பேரம் கிடையாது. மூன்று பகடையை உருட்டிக் கூட்ட வேண்டியது, விழுந்தது தலைவிதி. 18 விழ 216-ல் ஒரு வாய்ப்பு. 1977-ல் 'டிராவலர்' என்று ஒரு விண்வெளி ஆட்டம் வந்தது. அதில் ஆளைத் தயாரிக்கும்போதே நாலு நாலு வருடமாக வேலைக்கு அனுப்பி, ஒவ்வொரு தடவையும் பிழைத்தானா என்று பகடை போட வேண்டும். தவறினால் ஆட்டம் தொடங்கும் முன்பே கருமாதி. பயோடேட்டா எழுதி முடிப்பதற்குள் மாப்பிள்ளை போய்ச் சேருகிற வித்தையை நம் கல்யாணத் தரகர்கள்கூட இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நம் சிறுகதைப் போட்டிக்கு எழுதுகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து இந்த நோட்டை நிரப்பச் சொல்ல வேண்டும். கதாநாயகர் தோட்டத்தில் பிறப்பார், மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பார், வக்கீலாவார், தோட்டத்தையே மீட்பார். ஆறு கட்டத்திலும் 18. 'ஒரு குறையாவது வையுங்கள் ஐயா' என்று ஒருவருக்கு எழுதினேன். இடது காலில் ஆறாவது விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். அதையும் போடவில்லை என்று இன்றுவரை பேச்சு இல்லை. கோம்பாக்கில் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தபோது, என்னைக் கண்டதும் கையிலிருந்த பாயசத்தை ஆராய்ந்துகொண்டே போய்விட்டார்.

பாதிப் பேர் ஆட்டத்துக்கு வராததற்கா வருத்தம்? ஆட்டம் நடக்க நாலைந்து பேருக்கு ஒரே நாளில் ஓய்வு வாய்க்க வேண்டும், ஃபெடரல் ஹைவே நெரிசல் வழிவிட வேண்டும். ஆள் தயாரிக்கப் பென்சில் போதும்.

பெண் பார்க்கிறோம் என்று நீங்கள் எழுதவில்லை. வயதை முதல் வரியில் போட்டதிலேயே தெரிந்துவிட்டது. கல்யாண பயோடேட்டாவை அவனையே எழுத விடுங்கள். எட்டுகளை ஒளிக்காமல் எழுதுவான். ஜாதகம் வேண்டாமா என்பீர்கள். அந்தப் பகடைப் பெட்டியில் பன்னிரண்டு முகப் பகடை ஒன்றும் உண்டு, அம்மா. நம் ராசிபலன் பக்கம் எழுதுகிறவருக்கு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதப் பலனாவது நேரத்துக்கு வந்து சேருகிறதா பார்ப்போம்.