புகைப்புரை அடுப்புக் கதவில் புகை கசிந்தால்

கேள்வி: குலசேகரம் பக்கம் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் அடுப்புக்கு இரும்புக் கதவு. இடுக்கை அடைக்க அதன் விளிம்பில் பதித்திருந்த கயிறு கருகி உதிர்ந்துவிட்டது. இடுக்கில் சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. விறகு போடும்போது புகை வெளியே வருகிறது. ஷீட்டுகளில் கொப்புளமும் விழுகிறது. என்ன செய்வது?

பதில்: கயிறு வாங்கப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அடுப்பு நன்றாக எரியும்போது, எரியும் ஊதுபத்தியைக் கதவின் நான்கு விளிம்பிலும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். பத்திப் புகை உள்ளே இழுபட்டால் அடுப்பின் புகைப்போக்கு சரியாக இருக்கிறது, பழுது கயிற்றில்தான். வெளியே தள்ளினால் புதுக்கயிறு போட்டும் பயனில்லை. புரைக்குள் போகும் குழாயில் கரியும் தாரும் அடைத்திருக்கும், அல்லது மேலே உள்ள காற்றுத்திறப்பு மூடிக் கிடக்கும். சாரல் அடிக்கிறதென்று ஆனியில் சாக்கு வைத்து அடைத்ததைப் பலரும் எடுக்க மறந்துவிடுகிறார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வீட்டை ஒட்டிய புரை என்றால் இதில் தாமதம் வேண்டாம். கசியும் புகையோடு வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். அடுத்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

கொப்புளம் விழுவதைப் பார்த்தால், உங்கள் கதவு வழியாகக் காற்று உள்ளே போகிறது என்றே தோன்றுகிறது. வெளியே வரும் புகை கண்ணில் படும், உள்ளே போகும் காற்று படாது. ஷீட்டைக் கெடுப்பது அந்தக் காற்றுதான். அடுப்புக்குக் காற்று விடும் காற்றுவாயை மூடினாலும் தீ அடங்காமல் எரியும், புரையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஈரம் முழுக்க வெளியேறும் முன்பே ஷீட் பொங்கும். முதல் நாள் 40 முதல் 45 டிகிரி போதும். பிறகு மெல்ல ஏற்றி 60க்குள் நிறுத்துங்கள்.

இனி கயிறு. கதவில் பள்ளம் 12 மில்லிமீட்டர் அகலம் என்றால் 12 மில்லிமீட்டர் கயிறுதான். தடிமன் கூடினால் கதவு மூடாது, கீல் வளையும். குறைந்தால் அழுந்தாது. ஒன்றரை அடிச் சதுரக் கதவுக்குச் சுற்றளவு ஆறடி. இரண்டு மீட்டர் வாங்குங்கள். கேட்க வேண்டியது செராமிக் ஃபைபர் கயிறு. கண்ணாடி இழைக் கயிறும் ஓரளவு தாங்கும், ஆனால் தீ நேரே படும் கதவுக்குச் செராமிக்தான் நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கயிறு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கழற்றும் பழைய கயிறும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்பதால், அடுப்பு முழுக்க ஆறிய பிறகு தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுப் பெயர்த்தெடுத்து உறையில் கட்டி அகற்றுங்கள். உலர்ந்தபடி சுரண்டக் கூடாது.

பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையையும் துருவையும் ஈரத்தோடே கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, துடைத்துக் காயவிடுங்கள். பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். துரு மேல் ஒட்டிய கயிறு துருவோடு சேர்ந்தே பெயர்ந்து வரும். பிறகு வாட்டர் கிளாஸ் என்று விற்கும் சோடியம் சிலிக்கேட்டை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கயிறு அதில் ஊறிப்போகும் அளவு ஊற்றினால் காய்ந்ததும் கல்லாகி, அழுந்தும் தன்மை போய்விடும். சிலிக்கான் பசை இந்தச் சூட்டுக்கு நிற்காது.

கீல் பக்கம் கீழ்மூலையில் தொடங்குங்கள். இழுத்துப் பிடிக்காமல், சற்றுத் தளர்வாகவே அமுக்கிக்கொண்டு வாருங்கள். இழுத்தால் கயிறு மெலிந்து மூலைகளில் இடைவெளி விழும். இரு முனையும் முட்டும்படி வெட்டி, வெட்டும் முன் அந்த இடத்தில் நூலால் சுற்றிக் கட்டுங்கள், பிரியாது. கயிறு பள்ளத்துக்கு மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும். பாலித்தீன் தாள் ஒன்றை இடையில் வைத்துக் கதவை மூடி, ஒரு நாள் விடுங்கள். தாளை எடுத்துவிட்டு முதல் தீயைச் சிறிதாகப் போடுங்கள்.

அடுப்பு ஆறியதும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கி வந்தால் கயிறு காரணமில்லை; கீல் தேய்ந்திருக்கும், கதவு வளைந்திருக்கும். அதற்கு வெல்டிங் பட்டறைதான். புதுக்கயிறு சில தடவை தீ போட்டதும் படிந்துவிடும், அப்போது கொண்டியை இன்னும் சற்று இறுக்க வேண்டும்.

நீங்கள் பூசிய சிமெண்ட் பெயர்ந்ததில் வியப்பில்லை, அந்தச் சூட்டில் அது வலுவிழந்து பொடியும். இரும்புச் சட்டத்துக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே ஊதுபத்திப் புகை இழுபட்டால், அங்கே ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு சலித்த மணல் சேர்த்துக் குழைத்து அடையுங்கள். இரும்பு விரிந்து சுருங்குவதால் விரிசல் விழும். விழும்போது அதே கலவையைத் திரும்பப் பூசினால் போதும்.