வாசகர் கேள்வி – பதில்: அடிக்க வந்தவனைக் கொன்றால் தற்காப்பு ஆகிவிடுமா?

போன இதழில் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். காதலியைச் சுட்டுக் கொன்ற தென்னாப்பிரிக்க ஓட்ட வீரர், 2024 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தவர். அதற்கு வந்த கடிதங்களில் பாதி அமெரிக்காவின் ட்ரேவோன் மார்ட்டின் வழக்கை இழுத்து வந்தன, மீதி நம்ம இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சண்டைகளை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அட்டன் வாசகர்: கையில் மிட்டாய்ப் பொட்டலமும் குளிர்பான டின்னும் வைத்திருந்த 17 வயதுப் பையன். துப்பாக்கியோடு பின்னால் போனவன் சுட்டுக் கொன்றுவிட்டு "தற்காப்பு" என்றான், கோர்ட்டும் விட்டுவிட்டது. இது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கோபம் புரிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். 2012 பெப்ரவரி 26 இரவு, புளோரிடா மாநிலத்து சான்ஃபோர்ட். ஜோர்ஜ் சிமர்மன் அந்தக் குடியிருப்பின் காவல் குழுவில் தொண்டராக இருந்தவர், வயது 28. மழையில் நடந்து போன ட்ரேவோன் மார்ட்டின் என்ற கறுப்பினப் பையனைப் பார்த்து, சந்தேகமாக ஒருவன் திரிகிறான் என்று பொலிஸுக்கு போன் செய்கிறார். பின்னால் போகிறீர்களா என்று மறுமுனையில் கேட்க, ஆமாம் என்கிறார். அப்படிச் செய்யத் தேவையில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கொஞ்ச நேரத்தில் கைகலப்பு, ஒரு குண்டு, பையன் இறந்து போனான்.

ஆறு வாரத்துக்கு மேல் கைது இல்லை. ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடந்த பிறகுதான், ஏப்ரல் 11ஆம் திகதி, இரண்டாம் தரக் கொலைக் குற்றச்சாட்டு போட்டார்கள். 2013 ஜூனில் விசாரணை தொடங்கியது. ஜூரியில் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில்) ஆறு பேர், ஆறு பேரும் பெண்கள். ஜூலை 13இல் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு.

எப்படி விட்டார்கள் என்றால், கைகலப்பை ஆரம்பித்தது யார் என்பதை முழுதாகப் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை. சிமர்மனின் மூக்கிலும் பின்தலையிலும் காயம் இருந்தது, அதற்குப் படமும் இருந்தது. பையன் மேலே, சிமர்மன் கீழே கிடந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். அவசர அழைப்பொன்றின் பதிவில் யாரோ உதவி கேட்டு அலறுகிற சத்தம் கேட்கிறது. அது என் பிள்ளையின் குரல் என்று மார்ட்டினின் தாய் சாட்சி சொன்னார். சிமர்மனின் தாயும் அதையே கேட்டுவிட்டு, அது என் பிள்ளையின் குரல் என்றார். ஜூரி என்ன செய்வது?

புளோரிடாவில் ஒருவர் தற்காப்பு என்று சொல்லி அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் காட்டிவிட்டால், அது தற்காப்பு அல்ல என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அரச தரப்பு. சிமர்மன் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவே இல்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலங்களும் நடந்ததை நடித்துக் காட்டிய வீடியோவும் கோர்ட்டில் போடப்பட்டதால், குறுக்கு விசாரணை இல்லாமலேயே அவர் கதை ஜூரியின் காதுக்குப் போய்விட்டது. ஜூரியில் இருந்த ஒரு பெண் பின்னால் தொலைக்காட்சியில் பேசும்போது, அவர் தப்பிவிட்டார் என்றுதான் தன் மனம் சொல்கிறது, ஆனால் கையில் இருந்த சட்டத்தையும் சாட்சியத்தையும் வைத்து வேறு முடிவுக்கு வர முடியவில்லை என்ற கருத்தில் பேசினார்.

"பின்வாங்கத் தேவையில்லை", அதாவது ஆபத்து வந்தால் விலகி ஓடாமல் அங்கேயே நின்று திருப்பித் தாக்கலாம் என்கிற 2005ஆம் ஆண்டுச் சட்டம்தான் காப்பாற்றியது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. அந்தச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு முன்பே விடுபடக் கேட்கும் வழியை அவருடைய வக்கீல்கள் பயன்படுத்தவில்லை. ஆனால் ஜூரிக்கு வாசித்துக் காட்டிய விளக்கத்தில் அந்த வாசகம் இருந்தது.

என்னைக் கேட்டால், தப்பு கடைசி நிமிடத்தில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு பையன் நடந்து போவதே ஏன் சந்தேகமாகத் தெரிந்தது? துப்பாக்கியோடு ஏன் பின்னால் போனார்? ஆனால் பின்னால் நடந்து போவது மட்டும் அங்கே குற்றமில்லை, அதனால் சட்டம் அந்த முன்கதையைப் பாரமாக எடுக்கவில்லை. தெருவில் இறங்கியவர்கள் கேட்டது முன்கதையை, கோர்ட் பார்த்தது கடைசி நிமிடத்தை. இன்றுவரை இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்று திட்டிக்கொள்வது இதனால்தான்.

தலவாக்கலை வாசகி: திருடன் என்று நினைத்துத்தான் சுட்டேன் என்று பிஸ்டோரியஸ் சொன்னாரே. உண்மையாகவே பயந்திருந்தால்?

பயந்திருக்கலாம். 2013 பெப்ரவரி 14 அதிகாலை, பூட்டிய கழிப்பறைக் கதவு வழியாக நாலு குண்டு. உள்ளே இருந்தது காதலி ரீவா ஸ்டீன்காம்ப். தென்னாப்பிரிக்காவில் ஜூரி கிடையாது, நீதிபதி தோகோசிலே மசிபா விசாரித்தார். உள்ளே இருப்பது அவள் என்று தெரிந்தே சுட்டார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, 2014இல் இது கொலை அல்ல, கவனயீனத்தால் நேர்ந்த மரணம் என்று தீர்த்து ஐந்து வருடம் கொடுத்தார். அரச தரப்பு மேன்முறையீட்டுக்குப் போனது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிபதிகள் அதைக் கொலை என்று மாற்றினார்கள். அவர்கள் சொன்ன காரணம்தான் உங்கள் கேள்விக்குப் பதில்: உள்ளே இருந்தது யாராகவும் இருக்கட்டும், அந்தச் சின்ன அறைக்குள் நாலு தடவை சுட்டால் ஆள் சாகலாம் என்பது சுட்டவருக்குத் தெரியும். கதவு பூட்டியிருக்கிறது, யாரும் அவர்மேல் பாயவில்லை, உள்ளே இருந்தவர் கையில் ஆயுதம் இருந்ததா என்றுகூட அவருக்குத் தெரியாது. பிறகு ஆறு வருடம் என்றார்கள், அதுவும் போதாது என்று 2017இல் 13 வருடமும் 5 மாதமும் ஆக்கினார்கள்.

பயம் இருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் நிற்கிற சாதாரண ஆளுக்கும் அந்தப் பயம் வருமா, வந்தாலும் அவ்வளவு செய்வாரா என்று பார்ப்பார்கள்.

பண்டாரவளை வாசகர்: அதெல்லாம் வெளிநாடு. நம்ம நாட்டில் ஒருவன் கத்தியோடு வந்து, நான் திருப்பி வெட்டி, அவன் செத்துப் போனால்?

சரி, நம்ம கதைக்கு வருவோம். நம்முடைய தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுடையது. அதில் 89ஆம் பிரிவிலிருந்து 99 வரை தற்காப்புத்தான். உங்கள் உடம்பையும் அடுத்தவர் உடம்பையும் பாதுகாக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உயிர் போகும், அல்லது கடுங்காயம் வரும், அல்லது பாலியல் வன்முறை நடக்கும் என்ற நியாயமான பயம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். ஆனால் இரண்டு கயிறு கட்டியிருக்கிறார்கள். பொலிஸிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்க நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் உரிமை இல்லை.

தேர்த் திருவிழா, சாராயம், வாய்ச்சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கன்னத்தில் அறைகிறான். நீங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) போய், காம்பராவில் (உங்கள் அறையில்) இருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து வெட்டுகிறீர்கள். அங்கே தற்காப்பு முடிந்தது. போய் வந்த அந்தத் தூரமே உங்களுக்கு எதிரான சாட்சி. அதே ஆள் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உங்களை மடக்கி மண்வெட்டியை ஓங்குகிறான், பின்னால் சுவர், கைக்கு அகப்பட்ட ஏதோ ஒன்றை எடுத்து ஒரு அடி அடிக்கிறீர்கள் என்றால் அது வேறு கதை. அவன் விழுந்த பிறகும் இன்னும் மூன்று வெட்டு விழுந்திருந்தால் மறுபடியும் வேறு கதை. நல்லெண்ணத்தோடு எல்லை மீறியது, திடீர்ச் சண்டை, திடீரென வந்த பெரும் ஆத்திரமூட்டல் என்பவற்றுக்கெல்லாம் 294ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. அவை உங்களை வீட்டுக்கு அனுப்பாது, கொலையைக் கொலையாகாத மரணமாகக் குறைக்கும். கொலைக்கு மரண தண்டனை (1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை, சிறையிலேயே கிடப்பார்கள்). மற்றதற்கு வருடக் கணக்கில் சிறை.

இப்போது முக்கியமான விஷயம். யூடியூப் பார்த்துவிட்டு "அவன்தானே நிரூபிக்கணும்" என்று வசனம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்து வாசிக்கவும். புளோரிடாவில் தற்காப்பை உடைக்க வேண்டியது அரச தரப்பு என்று மேலே சொன்னேன். இங்கே அப்படி இல்லை. கொன்றது நீங்கள்தான் என்பதைச் சந்தேகமில்லாமல் நிரூபிப்பது அரச தரப்பின் வேலை, அது மாறாது. ஆனால் தற்காப்புக்காகச் செய்தேன் என்று நீங்கள் சொன்னால், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி அதைக் காட்ட வேண்டியது நீங்கள். அரச தரப்பு அளவுக்கு உறுதியாகக் காட்ட வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்ற அளவுக்குக் காட்டினால் போதும். 1942இல் மன்னர் எதிர் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் தீர்த்த விஷயம் இது. சிமர்மன் போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இங்கே கஷ்டம். வேறு சாட்சிகள் வாயிலாகவோ நீங்களே பேசியோ ஏதாவது வெளியே வர வேண்டும்.

நுவரெலியா வாசகர்: இங்கே ஜூரி உண்டா?

சட்டத்தில் உண்டு. ஆனால் கொலை வழக்குகளில் பெரும்பாலானவை மேல் நீதிமன்ற நீதிபதி முன்னால் ஜூரி இல்லாமலேயே நடக்கின்றன.

மஸ்கெலியா வாசகி: என் அக்காவை அவள் புருஷன் பன்னிரண்டு வருடமாகக் குடித்துவிட்டு அடிக்கிறார். "ஒரு நாள் இவன் தூங்கும்போது போட்டுவிடுவேன், அதுவும் தற்காப்புத்தானே" என்கிறாள். கோபத்தில் சொல்கிறாளா என்று தெரியவில்லை. என்ன சொல்வது?

தங்கச்சி, முதலில் அவள் அதைச் சொல்லும்போது சிரித்துத் தட்டிவிடாதீர்கள். தூங்குகிற ஆளைக் கொன்றால் நம்ம சட்டத்தில் தற்காப்பு நிற்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் அடி விழவில்லை. பல வருடம் சேர்ந்த கொடுமையை ஆத்திரமூட்டலாக எடுத்துக்கொண்டு தண்டனையைக் குறைத்த தீர்ப்புகள் இங்கே உண்டு. ஆனால் அதை நம்பி ஒரு பெண் விளக்கமறியலுக்குப் போகக் கூடாது. கொலைச் சந்தேக நபருக்கு நீதவானால் பிணை கொடுக்க முடியாது, அதற்கு மேலே போக வேண்டும். அதற்குள் பிள்ளைகளை யார் பார்ப்பது?

அவள் செய்யக்கூடியது வேறு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிக்கக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது, வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றெல்லாம் கோர்ட் உத்தரவு போடலாம். அவசரத்துக்கு இடைக்காலக் கட்டளையும் உண்டு. 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

எழுதுவது சுலபம் என்று எனக்கும் தெரியும். காம்பரா அவர் பெயரில் இருக்கும், பக்கத்துக் காம்பராவில் மாமியார், பொலிஸுக்குப் போனால் "குடும்பப் பிரச்சினை, பேசி முடிங்க" என்று அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தோட்டத் தலைவர் வந்து இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த சம்பளத்தன்று மறுபடியும் அடி. அதனால் ஒவ்வொரு முறையும் அடி விழுந்த அன்றே ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவாக்குங்கள், முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள், அவள் வீட்டில் வேண்டாம். என்றைக்காவது அவர் உண்மையாகவே கத்தியோடு வந்து, அவள் கையில் கிடைத்த ஏதோ ஒன்றை வைத்துத் தடுத்து, ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் காகிதங்கள்தான் அவளுக்காகப் பேசும். இந்த வாரமே அவளை உங்கள் வீட்டுக்கு நாலு நாள் கூட்டிக்கொண்டு வர முடியுமா பாருங்கள்.

வெலிமடை வாசகர்: பேஸ்புக்கில் வழக்கு தொடங்குமுன்னே தீர்ப்பு எழுதுகிறார்களே, அது சரியா?

பேசட்டும். மார்ட்டின் வழக்கில் சனங்கள் சத்தம் போடாவிட்டால் குற்றச்சாட்டே வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் சந்தேக நபரின் படத்தையும், பிள்ளைகளின் படத்தையும், செத்தவளின் பழைய டிக்டொக்கையும் போட்டு "இவள் அப்படித்தான்" என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நடந்த நிமிடத்தில் என்ன ஆபத்து இருந்தது என்பதற்கும் அவள் என்ன உடுத்தினாள் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

புசல்லாவை வாசகர்: அப்படி ஏதாவது நடந்துவிட்டால், பொலிஸில் முதலில் என்ன செய்ய வேண்டும்? பயத்தில் ஓடிவிடத்தானே தோன்றும்.

ஓடாதீர்கள். ஓடியதற்கு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்வது, அடித்ததற்கு விளக்கம் சொல்வதைவிடக் கஷ்டம். உங்கள் உடம்பில் கீறல் இருந்தால்கூட அன்றே சொல்லி, பொலிஸ் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காயம் ஆறிய பிறகு யாரிடம் காட்டுவது? அவர் முதலில் வந்தார், கையில் இது இருந்தது, எனக்கு வழி இருக்கவில்லை என்பதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள். மாதங்கள் கழித்துச் சொன்னால் பிறகு யோசித்துச் சேர்த்தது என்பார்கள். சொல்வதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளக்கிக் காட்டச் சொல்லுங்கள், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொலிஸ் அதிகாரியிடம் "நான்தான் கொன்றேன்" என்று ஒத்துக்கொண்டால் அதை உங்களுக்கு எதிரான குற்ற ஒப்புதலாகக் கோர்ட்டில் காட்ட முடியாது, சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் பின்னால் சாட்சி சொல்லும்போது கதை மாறினால், அந்த வாக்குமூலத்தை எடுத்து முரண்பாடு காட்டுவார்கள்.

இன்னொன்று, தலைவர் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், ஆள் செத்த வழக்கில் அது நடக்காது. வழக்கை நடத்துவது அரச தரப்பின் தலைமை வக்கீலான சட்டமா அதிபர், செத்தவரின் குடும்பம் அல்ல.