மின்னூட்டமே இல்லாத காகிதத்தைச் சீப்பு எப்படி இழுக்கிறது?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் சீப்பால் காகிதத் துண்டுகளை இழுத்துக் காட்டினாள். "எதிரெதிர் மின்னூட்டம் ஈர்க்கும், சரி. காகிதத்துக்குத்தான் மின்னூட்டமே இல்லையேப்பா?" என்று கேட்டாள். தேடியதில் 'முனைவாக்கம்' என்று ஒரு சொல் கிடைத்தது. அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பதில்:

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் 19 வருடமாகப் பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். கரும்பலகையில் 'முனைவாக்கம்' என்று எழுதிவிட்டு நாங்கள் அவசரமாகக் கடந்து போகிற இடம் இதுதான். பெயர் சொல்லிவிட்டால் விளக்கிவிட்டதாக ஆகிவிடாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 'மின்னூட்டமே இல்லை' என்ற பேச்சைத் திருத்திக்கொள்வோம். கையில் காலணா இல்லாதவரின் கணக்கும் பூஜ்யம்தான். 10 லட்சம் ரொக்கமும் 10 லட்சம் கடனும் வைத்திருப்பவரின் கணக்கும் பூஜ்யம்தான். காகிதம் இந்த இரண்டாவது ஆள். கடையில் வாங்குகிற 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 5 மில்லிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு கிழித்தால் அதன் நிறை 2 மில்லிகிராம். காகிதம் பெரும்பாலும் செல்லுலோஸ். அதிலுள்ள கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் எலக்ட்ரான்களை எண்ணிக் கூட்டினால், அந்தத் துண்டுக்குள் சுமார் 100 கூலூம் எதிர்மின்னூட்டம் இருக்கிறது (கூலூம் என்பது மின்னூட்டத்தை அளக்கும் அலகு). அணுக்கருக்களில் அதே 100 கூலூம் நேர்மின்னூட்டம். வானத்திலிருந்து இறங்கும் ஒரு மின்னல் தரைக்குக் கொண்டுவருவது சாதாரணமாகச் சில கூலூம் முதல் சில பத்து கூலூம் வரைதான். உங்கள் மகளின் சீப்பில் ஏறியிருப்பதோ ஒரு கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஆக, விரல் நுனியில் ஒட்டுகிற அந்தத் துணுக்குக்குள் இவ்வளவு பெரிய வரவும் செலவும் நேருக்கு நேர் கழிந்து நிற்கின்றன. கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: சீப்பு பக்கத்தில் வந்தால் இந்தக் கழித்தலில் எங்கே பிசகு வருகிறது?

ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு புரோட்டான், அதைச் சுற்றி எலக்ட்ரான் மேகம். வெளியில் மின்புலம் (ஒரு மின்னூட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் தாக்கம்; சுருக்கமாகப் புலம்) இல்லாதபோது மேகத்தின் நடுப்புள்ளியும் புரோட்டானும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எதிர்மின்னூட்டம் பெற்ற சீப்பு பக்கத்தில் வந்தால் மேகம் சீப்பை விட்டு விலகப் பார்க்கும், கரு சீப்பை நோக்கி வரப் பார்க்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்திழுக்கின்றன. மேகம் விலக விலக அந்தப் பிடி, இழுத்த ஸ்பிரிங்கைப் போல விலகலுக்கு ஏற்றபடி கூடும். எங்கே சீப்பின் தள்ளலும் இந்தப் பிடியும் சரிக்குச் சரியாகின்றனவோ அங்கே மேகம் நின்றுவிடும். புலத்தை இரட்டித்தால் விலகலும் இரட்டிக்கும். ஒரு பக்கம் சற்றே நேர்மின், மறுபக்கம் சற்றே எதிர்மின். இதைத்தான் மின் இருமுனை என்கிறோம். அணு இப்படி இருமுனையாவதே முனைவாக்கம்.

எவ்வளவு விலகும்? என்னை இந்தப் பாடத்தின்மேல் பைத்தியமாக்கியது இந்தக் கணக்குதான். காற்று தாங்கக்கூடிய உச்சப் புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட். அதைத் தாண்டினால் காற்றே பொறியாக வெடிக்கும். அந்த உச்சப் புலத்தையே ஹைட்ரஜன் அணுமேல் செலுத்தினாலும், மேகம் நகர்வது அணுவின் ஆரத்தில் 38,000-இல் ஒரு பங்குதான். அதாவது நடுவிலுள்ள புரோட்டானின் விட்டத்தைவிடவும் குறைவு! நமக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிற புலம் அணுவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஹைட்ரஜனில் எலக்ட்ரான் இருக்கும் தூரத்தில் கரு உண்டாக்கும் புலம் மீட்டருக்கு 51,400 கோடி வோல்ட். அதன் முன்னால் 30 லட்சம் எம்மாத்திரம்?

காகிதத்திலுள்ள அணுக்களுக்கும் இதே கதைதான், அளவு கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆனால் நகர்கிற தூரம் எவ்வளவு சின்னதோ, நகர்கிற மின்னூட்டம் அவ்வளவு பெரியது. 100 கூலூம் கணக்கை முதலில் சொன்னது இதற்காகத்தான். அணுக்கருவின் அகலத்தை ஒத்த நகர்வு கண்ணுக்குத் தெரிகிற துள்ளலாக மாறுவது அந்தப் பெருந்தொகையால்.

அணுவிலிருந்து பொருளுக்கு வருவோம். ரேஷன் கடை வரிசையில் 200 பேர் நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அரை அடி முன்னால் நகர்கிறார்கள். நடுவில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுமே மாறவில்லை, ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் நிரப்பிவிட்டார். முன்முனையில் மட்டும் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும், கடைசியில் அரை அடி காலியாக இருக்கும். மின்கடத்தாப் பொருளுக்குள்ளும் இப்படித்தான். உள்ளே ஓர் இருமுனையின் நேர்முனையும் அடுத்ததன் எதிர்முனையும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்து கழிந்துபோகும். மேற்பரப்பில் மட்டும் மிச்சம் நிற்கும்: சீப்பைப் பார்த்த பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். பொருளுக்குள் மீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் புலம் இருந்தால், இந்த மிச்சம் மேற்பரப்பில் லட்சம் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கில்தான் வரும். உலோகம் என்றால் வேறு: அங்கே வரிசையை விட்டு ஓடிவிடக்கூடிய எலக்ட்ரான்கள் உண்டு. காப்புப் பொருளில் யாரும் வரிசையை விட்டு ஓட முடியாது. நின்ற இடத்திலிருந்து சாயத்தான் முடியும்.

சில வருடங்களுக்கு முன் இவ்வளவும் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் அதே அளவு எதிர்மின். இழுப்பும் தள்ளலும் சமமாத்தானே இருக்கணும்? அப்புறம் எப்படித் துண்டு நகருது?" அவளுக்காக வகுப்பு முழுவதையும் கைதட்ட வைத்தேன். முனைவாக்கம் பாதி விடைதான். மீதிப் பாதி இவள் கேள்வியில் இருக்கிறது.

புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் அவள் சொன்னதே சரி. அகலமான இரண்டு இணைத்தட்டுகளுக்கு நடுவிலுள்ள சீரான புலத்தில் அணு முனைவாகும், ஆனால் எந்தப் பக்கமும் நகராது. சீப்பின் புலம் அப்படியில்லை. பக்கத்தில் வலுவாகவும் தள்ளிப் போகப்போக வலுக்குறைந்தும் இருக்கும். சீப்பைப் பார்த்த நேர்முனை கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் அதன்மேல் இழுப்பு கூடுதல். எதிர்முனை கொஞ்சம் தள்ளி இருப்பதால் அதன்மேல் தள்ளல் குறைவு. இந்த இரண்டின் வித்தியாசம்தான் துண்டைத் தூக்குகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒன்று, இழுவிசை தூரத்தோடு படுவேகமாக மாறும். ஒரு புள்ளி மின்னூட்டத்துக்கும் ஓர் அணுவுக்கும் இடையே தூரத்தைப் பாதியாக்கினால் விசை 32 மடங்காகும். சீப்பின் வடிவத்தாலும் துண்டின் அளவாலும் இந்த எண் மாறலாம், போக்கு மாறாது. சீப்பை இறக்கிக்கொண்டே வரும்போது ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டுத் துண்டு சட்டென்று துள்ளுவது இதனால்தான். இரண்டாவது, சீப்பில் நேர்மின் இருந்தாலும் எதிர்மின் இருந்தாலும் ஈர்ப்புதான். குறி மாறினால் இருமுனையும் திரும்பிக்கொள்கிறது. எப்போதும் சீப்பின் குறிக்கு எதிர்க்குறி உள்ள முனைதான் பக்கத்தில் நிற்கும். அதனால்தான் ஈர்ப்பை வைத்து ஒரு பொருளில் மின்னூட்டம் உண்டு என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது, விலக்கம்தான் உறுதியான சோதனை என்று பாடத்தில் வருகிறது. அந்த வரியைக் காரணம் தெரியாமலே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

சில மூலக்கூறுகளில் மேகம் நகரவே வேண்டாம். தண்ணீர் மூலக்கூறு வளைந்த வடிவம். ஆக்சிஜன் பக்கம் எதிர்மின்னும் ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்னுமாகப் பிறவியிலேயே இருமுனை. மேலே சொன்ன உச்சப் புலத்தில் ஹைட்ரஜன் அணு பெறும் இருமுனையைவிட இது கிட்டத்தட்ட 28,000 மடங்கு பெரியது. புலம் வந்தால் இவை திரும்பி அணிவகுக்கும். ஆனால் அறை வெப்பம் விடாமல் கலைத்துக்கொண்டே இருக்கும். அந்த உச்சப் புலத்தில் தனித்தனி நீராவி மூலக்கூறுகள் சராசரியாக அணிவகுப்பது 100-க்கு 0.15 அளவுதான். அந்தச் சொற்பச் சாய்வே மேகம் நகர்வதால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

இங்கே ஒரு தவறையும் சரிசெய்ய வேண்டும். குழாயிலிருந்து மெல்லிசாக ஒழுகும் தண்ணீர் சீப்பை நோக்கி வளைவதைக் காட்டி, 'தண்ணீர் முனைவுள்ள மூலக்கூறு, அதனால் வளைகிறது' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். கணக்குப் போட்டால் இருமுனைகள்மேல் வரும் இழுப்பு அந்த வளைவுக்குப் போதாது. குழாய்த் தண்ணீரில் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், உண்டு. சீப்பு பக்கத்தில் இருக்கும்போது எதிர்க்குறி அயனிகள் ஒழுக்கின் பக்கம் கூடுதலாக வந்துவிடுகின்றன, விழும் தண்ணீரே மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. பெரும்பங்கு வளைவு அதனால்தான். உங்கள் மகளுக்கு முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று கேட்டால் மைக்கேல் ஃபாரடேயைச் சொல்ல வேண்டும். 1837 வாக்கில் அவர் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உலோகக் கோளங்களுக்கு நடுவில் அரக்கு, கந்தகம் போன்றவற்றை நிரப்பிப் பார்த்தார். காற்று இருந்தபோது பிடித்ததைவிட அதிக மின்னூட்டம் பிடித்தது. நடுவிலுள்ள காப்புப் பொருள் சும்மா இருக்கவில்லை, அதன் ஒவ்வொரு துகளும் முனைவாகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல், அணுக்கரு 1911-இல். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாத காலத்தில் இதை எட்டியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அவர் பார்த்தது உங்கள் வீட்டுக் கூரையிலும் தொங்குகிறது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் 'கண்டென்சர் போயிருக்கு' என்று 2.5 மைக்ரோஃபாரட் டப்பா ஒன்றை மாற்றுவாரே, அதற்குள் இருப்பது உலோகப் பூச்சுப் பூசிய பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் தாள். பிளாஸ்டிக் முனைவாகி, உலோகத்திலுள்ள மின்னூட்டத்தின் புலத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. அதனால் அதே வோல்ட்டுக்கு, நடுவில் வெற்றிடம் இருந்தால் பிடிப்பதைப்போல் 2.2 மடங்கு மின்னூட்டம் பிடிக்கும். இந்த 2.2 தான் அதன் ஒப்புமை விடுதிறன். கண்ணாடிக்கு 5 முதல் 10, அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு ஏறத்தாழ 80, காற்றுக்கு 1.0006.

சுவரில் ஓடும் பல்லியையும் விட்டுவிட மனமில்லை. சீப்பு மாதிரி வெளிப்புலமே இல்லாவிட்டாலும், ஓர் அணுவின் மேகம் கணத்துக்குக் கணம் அலைபாய்ந்து அண்டை அணுவை முனைவாக்கும். இரண்டும் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும். பல்லியின் பாதத்திலுள்ள மிக நுண்ணிய முடிகள் சுவரைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இழுப்பால்தான். மேகம் எளிதாகச் சாயும் அணுவில் இந்த இழுப்பும் அதிகம். ஹீலியம் வாயுவைவிடச் செனான் வாயு சுமார் 20 மடங்கு எளிதாக முனைவாகும். அதனால் செனான் மைனஸ் 108 டிகிரி செல்சியஸிலேயே திரவமாகிவிடுகிறது. ஹீலியத்தையோ மைனஸ் 269 வரை குளிர்விக்க வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் மகளோடு செய்து பாருங்கள். எண்ணெய் வைத்த தலையில் சீப்பு வேலை செய்யாது. வயரிங்குக்குப் போடும் பிவிசி பைப் ஒரு துண்டு வாங்கி, காய்ந்த கம்பளித் துணியால் நன்றாகத் தேயுங்கள். புழுக்கமான நாளில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும். ஏசி அறையில் செய்தால் நல்லது. காலியான குளிர்பான அலுமினிய டின்னை வழவழப்பான தரையில் படுக்கப்போட்டு பைப்பைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். தொடாமலே உருண்டு வரும். அடுத்து ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை வையுங்கள். ஓட எலக்ட்ரான் இல்லாத பொருள், சாய்வை மட்டும் நம்பி இருப்பது. வரும், ஆனால் தயங்கித் தயங்கி வரும்.

கடைசியாகக் காகிதத் துண்டுகள். அவை ஒட்டியதும் பைப்பை எடுத்துவிடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கவனிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் சில துண்டுகள் தாமாகவே தெறித்து விழும். காகிதத்தில் சிறிது ஈரம் உண்டு. பைப்பிலிருந்து அதே குறி மின்னூட்டம் அவற்றுக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும். அவள் "ஏன்ப்பா தள்ளுது?" என்று கேட்டால் நீங்கள் சொல்லாதீர்கள், அவளே யோசிக்கட்டும்.