குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலிங், மனநலப் பரிசோதனை எதற்கு?

விவாகரத்து கேட்டுப் போனால் ஏன் கவுன்சிலிங்குக்கு அனுப்புகிறார்கள்? 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, சமரசத்துக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை. கவுன்சிலர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல. இருவரையும் உட்கார வைத்துப் பேச வைப்பவர்.

மனநலப் பரிசோதனை வேறு. 'அவளுக்குப் புத்தி சரியில்லை' என்று மனுவில் ஒரு வரி எழுதினால் போதாது. வலுவான முகாந்திரம் இருந்தால்தான் அதற்கு உத்தரவிட வேண்டும் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுவரில் விரிசல் கண்டதும் வீட்டை இடிப்போமா? கொத்தனாரைக் கூப்பிட்டு, விரிசல் பூச்சிலா அஸ்திவாரத்திலா என்று தட்டிப் பார்க்கச் சொல்வோம், இந்தப் பரிசோதனையும் அதுபோலத்தான்.

அப்புறம், மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிய சீட்டு இருந்தாலே குழந்தை கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்து சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சீட்டு மட்டும் எதையும் முடிவு செய்யாது.