டவுன்லோடு வந்த பிறகு பாட்டு வாங்கும் பழக்கம் எப்படி மாறியது?

பொதுவாக இதற்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: 2003-இல் ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது, ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் வாங்கும் கட்டாயம் ஒழிந்தது. அமெரிக்காவுக்கு அது சரி. நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரன். எங்கள் பக்கம் பாட்டை உதிரியாக வாங்குவது கேசட் காலத்திலேயே உண்டு.

கீழக்கரைப் பக்கம் வளைகுடாவுக்குச் சபர் (பிழைப்புக்கான வெளிநாட்டுப் பயணம்) போனவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த காலம். ரெக்கார்டிங் சென்டரில் நோட்டுத்தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறு பாட்டு. ஏழாவதைத் திணித்தால் பாதியில் அறுந்துவிடும். விவரமான கடைக்காரர் மிச்சத்தில் ஏதாவது வாத்திய இசையைப் போட்டு நிரப்புவார். நாம் கேட்டது கையிருப்பில் இல்லையென்றால் தனக்குப் பிடித்ததைப் பதிந்துவிட்டு, "கேட்டுப் பாருங்க, நல்லாருக்கும்" என்பார். பல சமயம் நன்றாகவே இருக்கும்.

டவுன்லோடு வந்தபோதும் இறக்கியது நாங்கள் இல்லை, செல்போன் கடைக்காரர்தான். மெமரி கார்டை நீட்டினால் நிரப்பித் தருவார். காசு கொடுத்தோம், ஆனால் இசையமைத்தவருக்கு ஒரு பைசா போகவில்லை. (ரெக்கார்டிங் சென்டரிலும் அதே கதைதான்.)

முறையாக விற்கவும் பார்த்தார்கள். ஃபிளிப்கார்ட் 2012-இல் ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் தொடங்கி 2013 ஜூனில் மூடியது. திருட்டு டவுன்லோடு ஒரு பக்கம். பத்துப் பதினைந்து ரூபாயை இணையத்தில் சுலபமாகக் கட்ட வழியில்லாதது இன்னொரு பக்கம். 2016-இல் யுபிஐ வந்து அந்த இரண்டாவது சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதே வருடம் ஜியோ டேட்டாவைச் சும்மா அள்ளிக் கொடுக்க, பாட்டை இறக்கி வைக்கும் தேவையே போய்விட்டது. காசு கட்ட வழி பிறந்தபோது வாங்க ஆளில்லை!

இதெல்லாம் கரையில் இருப்பவர்களுக்கு. கடலில் கொஞ்ச தூரம் போனால் டவர் கிடைக்காது. ஆப்பில் சந்தா கட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்று படகில் போகும் என் மச்சானிடம் சொன்னேன். "சந்தா முடிஞ்சா பாட்டும் போயிருமாமே மாப்ள, காசு குடுத்தது எப்புடிப் போகும்?" என்று கேட்டுவிட்டுப் பென் டிரைவோடு கடைக்குப் போனான். எங்கள் ஊரில் பாட்டு ஏற்றக் கடைக்கு வருபவர்கள் இப்போது பெரும்பாலும் படகுக்காரர்களும் வேன் ஓட்டுநர்களும்தான்.