அப்பாவின் டிரங்குப் பெட்டி

அன்புள்ள ஐயா,

இந்த வருடம் எங்கள் சபையில் அசனப் பொறுப்பு, அதாவது சபையார் எல்லாருக்கும் போடும் பொது விருந்தின் பொறுப்பு, என்னிடம் இருந்தது. அரிசியிலும் ஆட்டிலும் நான் பணம் அடித்துவிட்டதாகக் கமிட்டியில் ஒருவர் சொல்லிப் பரப்பிவிட்டார். குருவானவரோ, "ஆண்டவரே வாய் திறக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். மகன் வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்கிறான். சபை மாறிவிடலாமா என்றும் தோன்றுகிறது. ஒரு கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டீஸ் விடுமுன், சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கண்டிக்கிற 1 கொரிந்தியர் 6-ஐ மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சபை மாறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கேயும் அசனம் உண்டு, கமிட்டியும் உண்டு.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த 'வாய் திறக்கவில்லை'தான். ஏசாயா 53-இல் இருக்கிறது, சரி. விசாரணையில் ஏரோது ராஜா துருவித் துருவிக் கேட்டபோது இயேசு ஒன்றும் சொல்லவில்லை, அதுவும் சரி. ஆனால் முந்தின இரவு, பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது, நான் பேசியது தப்பென்றால் எது தப்பென்று காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்டாரே? யோவான் 18:23. அவதூறு பேசியவர்களுக்குச் சாதகமாக இந்த வசனத்தை மட்டும் மறந்துவிடுகிறோம்.

என் அப்பாவும் சபைக் கணக்கு பார்த்தவர். கோயிலுக்கு ஓடு மாற்றியதில் கைவைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு எழுந்தது. அப்பா வாயே திறக்கவில்லை. அம்மா அழுதால், "தாவீதைப் பார். மகன் அப்சலோம் கலகம் பண்ணி, அவர் ஊரைவிட்டு ஓடினபோது சீமேயி கல்லெறிந்து தூஷித்தான். கூட இருந்த சேனைத்தலைவன் அபிசாய் அவன் தலையை எடுக்கிறேன் என்றபோதும் ராஜா விட்டுவிடச் சொன்னாரே" என்பார். எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

அப்பா அந்தக் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அப்சலோம் செத்து, தாவீது திரும்பி வந்தபோது சீமேயி காலில் விழுந்தான். உன்னைக் கொல்லமாட்டேன் என்று ஆணையிட்டார். அப்புறம் மரணப்படுக்கையில் அடுத்த ராஜாவான மகன் சாலொமோனைக் கூப்பிட்டு, நான்தான் ஆணையிட்டேன், நீ அவனைச் சும்மா விடாதே என்கிறார். 1 ராஜாக்கள் 2-ஆம் அதிகாரம், போய்ப் பாருங்கள். சீமேயியின் ஊரான பகூரீமில் அன்று விழுந்த கல்லை அந்த மனிதர் அத்தனை வருடம் மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறார்! பொறுமை என்று நாம் பிரசங்கம் பண்ணுவது இதைத்தான்.

அப்பா நோயில் கிடந்தபோது, அந்தப் பேச்சைக் கிளப்பியவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்தவர் கொஞ்ச நேரம் நின்றார், பாட்டிலை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுவாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஓடு வாங்கிய பில், வண்டிக் கூலி, கொத்தனார் கைநாட்டு வைத்த சீட்டு, எல்லாம் சணலால் கட்டி அடியில் இருந்தன. ஒரு காசு உதைக்கவில்லை. அதை ஒருநாள் ஆராதனை முடிந்ததும் கமிட்டி மேஜையில் வைத்திருந்தால் அரைமணி நேர வேலை. அம்மா அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு, கோபமும் உண்டு. குருவானவர் சொன்னது, மகன் சொன்னது, தூக்கம் வராதது என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்; மேலே போட்டிருப்பது அதன் சுருக்கம்தான். அரிசிக்கடை ரசீது கையில் இருக்கிறதா இல்லையா என்று அதில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?