ஒரு டியூப் ரத்தத்தில் புற்றுநோய் தெரியுமா? – வாசகர் கேள்வி-பதில்

எங்கள் ஊரில் முகாம் போட்டிருக்கிறார்கள். நோய் எதிர்ப்பு செல்களைப் பார்த்தே எல்லாப் புற்றுநோயையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனையாம். 95 சதவீதம் துல்லியம் என்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் எடுக்க வேண்டாம். ஏனென்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

'துல்லியம்' என்று ஒரே ஓர் எண்ணைச் சொன்னால் ஏற்காதீர்கள். இரண்டு எண்கள் வேண்டும். நோய் உள்ள 100 பேரில் எத்தனை பேரை அது பிடிக்கிறது? நோய் இல்லாத 100 பேரில் எத்தனை பேருக்குச் சரியாக 'இல்லை' என்கிறது? முதல் எண் 80, இரண்டாவது 95 என்றே வைத்துக்கொள்வோம். முகாமுக்கு 10,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 50 பேருக்கு நிஜமாகவே புற்றுநோய் இருக்கிறது. பரிசோதனை 40 பேரைப் பிடிக்கும், 10 பேரை விட்டுவிடும். மீதி 9,950 பேரில் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 497 பேருக்கு, நோய் இல்லாமலே 'இருக்கிறது' என்று வரும். ஆக, பாசிட்டிவ் என்று காகிதம் வாங்கிய 537 பேரில் நிஜ நோயாளி 40 பேர்தான். நூற்றுக்கு ஏழு! மற்றவர்கள் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, பயாப்சி என்று சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைய வேண்டும். விடுபட்ட அந்தப் பத்துப் பேரின் நிலை இன்னும் மோசம். 'நமக்கு ஒன்றுமில்லை' என்ற தைரியத்தில் கட்டியைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் பாத்ஃபைண்டர் என்ற ஆய்வு 2023-இல் வெளியானது. அதில் பார்த்தது செல்களை அல்ல, ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளை. 50 வயது தாண்டிய 6,621 பேரில் 92 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. அவர்களில் 35 பேருக்குத்தான் புற்றுநோய் உறுதியானது. பெரும் செலவில் உருவான பரிசோதனைக்கே கணக்கு இப்படி என்றால், முகாம்காரர் சொல்லும் 95-ஐ எந்த அளவுக்கு நம்பலாம் என்று பாருங்கள்.

இப்படிப்பட்ட பரிசோதனைகள் ரத்தத்தில் எதைத்தான் அளக்கின்றன? ஆய்வுக் கட்டுரையைக் காட்டுகிறார்கள். அதில் எதைப் பார்க்க வேண்டும்?
– ஆசிரியை, அரூர்

சில பரிசோதனைகள் வெள்ளையணு வகைகளின் விகிதத்தை எடுக்கின்றன. இன்னும் சில, ரத்தத்தில் ஒரு தூண்டுபொருளைச் சேர்த்து ஒரு நாள் வைத்திருந்து, என்கே செல்கள் (கெட்டுப்போன செல்களைக் கொல்லும் ஒரு வெள்ளையணு வகை) எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன என்று அளக்கின்றன. கட்டியின் துணுக்குகளை விழுங்கிய மோனோசைட் என்ற வெள்ளையணுக்களைத் தேடுபவையும், டி செல் என்ற இன்னொரு வகையின் மரபணு வரிசையைப் படிப்பவையும் உண்டு. அறிவியல் நல்ல அறிவியல்தான். ஆனால் இவற்றில் பலவும் அளப்பது கட்டியை அல்ல, உடம்பு காட்டும் எதிர்வினையை. காசநோய், ஆறாத சர்க்கரைப் புண், பல் சீழ், குடல்புழு என எது இருந்தாலும் இந்தச் செல்கள் மாறும்.

அதனால் கட்டுரையில் முதலில் தேட வேண்டியது, 'நோயில்லாதவர்' என்று யாரைச் சேர்த்தார்கள் என்பதை. 25 வயது ஆரோக்கியமான மாணவர்களையும் நான்காம் நிலை நோயாளிகளையும் ஒப்பிட்டால் எந்தப் பரிசோதனையும் பிரமாதமாகத் தெரியும். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் கல் தூசியைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் வந்தவர், காசநோய் மருந்து சாப்பிடுபவர், முடக்குவாதக்காரர், இவர்களெல்லாம் ஒப்பீட்டில் இருந்தார்களா? இல்லையென்றால் நம் ஊர் மக்களுக்கு அந்த எண் பொருந்தாது.

அடுத்து, முதல் நிலையில் எத்தனை பேரைப் பிடித்தது என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். எல்லா நிலைகளையும் சேர்த்துச் சொன்ன எண் முற்றிய நோயால் ஊதிப்போயிருக்கும். 'இதற்கு மேல் பாசிட்டிவ்' என்ற எல்லையை முடிவு தெரிந்த பிறகு வகுத்தார்களா, முன்பேயா? கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வேறு மருத்துவமனையில் திரும்பச் செய்தார்களா?

எல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொன்று பாக்கி: உயிர் மிஞ்சியதா? பிரிட்டனில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் பங்கெடுத்த சூலகப் புற்றுநோய் ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. ஆண்டுதோறும் ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதத்தைப் பார்த்த பிரிவில் முற்றிய நிலையில் பிடிபட்டவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள், இறப்பு குறையவில்லை.

என் சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டில் வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் வகை 74 சதவீதம், லிம்ஃபோசைட் வகை 18. விகிதம் 4-க்கு மேல் போனால் புற்றுநோய் என்று யூடியூபில் பார்த்தேன். பயமாக இருக்கிறது.
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பயப்படாதீர்கள். 74-ஐ 18-ஆல் வகுத்தால் 4.1. சளிக் காய்ச்சல், தூக்கமின்மை, புகைபிடித்தல், மூட்டுவலிக்கு விழுங்கிய பிரெட்னிசோலோன் மாத்திரை, எதனாலும் இந்த விகிதம் ஏறும். ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களுக்கு நோயின் போக்கைக் கணிக்க இது ஓரளவு பயன்படுகிறது; நோயைக் கண்டுபிடிக்க அல்ல. காய்ச்சல் போய் 3, 4 வாரம் கழித்து, அதே லேபில், அதே வேளையில் மறுபடி எடுங்கள். காலைக்கும் இரவுக்குமே லிம்ஃபோசைட் எண்ணிக்கை மாறும்.

நான் லேப் டெக்னீஷியன். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரிக்கும் பரிசோதனை) ரத்தம் எடுத்து அனுப்பினால் 'மாதிரி தகுதியில்லை' என்று திரும்பி வருகிறது. எங்கே தப்பு?
– பென்னாகரம்

பெரும்பாலும் டியூபிலும் பயணத்திலும்தான் தப்பு நடக்கிறது. ஊதா மூடி டியூபில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ மருந்து உள்ளது) கோடு வரைக்கும் ரத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் மருந்து அதிகமாகிச் செல் சுருங்கும். எடுத்தவுடன் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும். கலக்காமல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கட்டிகள் விழுந்து எண்ணிக்கை குறையும்.

ஐஸ் பேக்கோடு ஒட்டி வைக்காதீர்கள். உயிருள்ள செல்கள் போக வேண்டும். 18 முதல் 25 டிகிரி போதும், 24 மணி நேரத்துக்குள் இயந்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மதிய வெயிலில் பைக் பெட்டியில் கிடந்த டியூப் பஸ் ஏறும் முன்பே கெட்டிருக்கும். காலையில் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, அடுத்த பஸ்ஸிலேயே அனுப்புங்கள். எடுத்த நேரத்தை டியூபிலேயே எழுதுங்கள். நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்க்கும் ஸ்மியரை, அனுப்பும் இடத்துக்கு விட்டுவிடாமல் நீங்களே 4 மணி நேரத்துக்குள் போட்டுக் கூடவே வையுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. வெள்ளையணு 28,000, லிம்ஃபோசைட் 82 சதவீதம். காய்ச்சல் எதுவும் இல்லை. சும்மா விடலாமா?
– வாசகி, ஊத்தங்கரை

விடக் கூடாது. இங்கே எதிர்ப்பு செல்லே புற்றுநோயாக இருக்க வாய்ப்புண்டு. ரத்தப் பரிசோதனைதான் சரியான கருவி. சதவீதத்தை விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்: 28,000-இல் 82 சதவீதம் ஏறக்குறைய 23,000. பி வகை லிம்ஃபோசைட், ஒரே செல்லிலிருந்து பெருகிய குளோனாக, 5,000-க்கு மேல் 3 மாதம் நீடித்தால் அது சிஎல்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். முதலில் ஸ்மியர், அதன்பின் ஃப்ளோ சைட்டோமெட்ரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிந்துரை வாங்கி, அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ பெங்களூரு கித்வாய்க்கோ போகலாம். சிஎல்எல் என்றே வந்தாலும் பலருக்கு உடனே மருந்து தேவைப்படாது, கண்காணிப்பே போதும். ஆனால் ஸ்மியரில் 'பிளாஸ்ட்' (முதிராத ரத்தச் செல்) என்ற சொல் இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.

அப்படியானால் எந்தப் பரிசோதனையைத்தான் நம்பி எடுப்பது? எனக்கு 42 வயது.
– வாசகி, பாலக்கோடு

கர்ப்பப்பை வாய்க்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனையை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதைச் செய்தபோது அந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் முடிவு வெளியானது. 3 முதல் 5 சதவீத அமிலம், ஒரு நிமிடக் காத்திருப்பு, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது, அவ்வளவுதான். மார்பகத்தையும் வாயையும் அதே நாளில் காட்டுங்கள். வீட்டில் புகையிலை போடுபவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று கிராம செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாள்களைத் தவிர்த்துப் போங்கள்.